காணிக்கையை வைத்துவிட்டுப் போ

எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையின் நடுவே சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் பீடத்தருகே தொடங்கி வைப்பார். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரிசை வரை வந்துவிடும். கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கம் அது; 1950இல் வந்த நம் வழிபாட்டு முறையில் சேர்ந்துகொண்டது. சேகரத் தேர்தல், அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கான தேர்தல், முடிந்த மறு ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும். கை நீளும், கண் கூரையில் இருக்கும்.

மத்தேயு 5ஆம் அதிகாரம் "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்கிறது. சமாதானமாக இருக்கிறவர்கள் என்று சொல்லவில்லை. "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கி நிற்பவரைச் சாந்தசொரூபி என்று மெச்சுகிறோம். என் கணக்கில் அவர் சண்டைக்குப் பாதி உடந்தை. 23, 24ஆம் வசனங்கள் இன்னும் கறார். பலிபீடத்துக்கு வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு. கவனியுங்கள், அவனுக்கு உன்மேல் உள்ள குறை. குறளின் 22ஆம் அதிகாரமும் ஒப்புரவறிதல்தான். அங்கே அது ஊருக்கு உதவி வாழ்வது, இங்கே பிணக்குத் தீர்வது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பங்குக் கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. ஒரு கோடையில் பெரியப்பாவின் முறையன்று அப்பா மோட்டாரை ஓட்டி எங்கள் வாழைக்குப் பாய்ச்சிவிட்டார். எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, திருவிருந்து வரிசையில் நின்ற அப்பா, பீடத்துக்கு நான்கு எட்டு இருக்கையில் திரும்பி வெளியே நடந்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

பெரியப்பா திண்ணையில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்றைக்குத் தண்ணீர் உங்கள் முறை. தெரிந்துதான் ஓட்டினேன்." மோட்டார் அறைச் சாவியைத் திண்ணையில் வைத்தார்.

பெரியப்பா நிமிரவில்லை. "உள்ளே காப்பி இருக்கிறது. பையனுக்கும் ஊற்றச் சொல்."

நாங்கள் திரும்பியபோது கோயில் கதவு பூட்டியிருந்தது. திருவிருந்தைத் தவறவிட்டாரே என்று அம்மாவுக்கு இரண்டு நாள் கோபம்.

இவ்வளவும் எழுதுகிற நான், மூன்று வாரமாக ஜன்னலோர பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறேன். காற்றுக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பழைய இடத்தில் எனக்கு அடுத்து உட்கார்பவருக்குக் காரணம் தெரியும்.