கலங்குவதற்கும் ரசீது கேட்கிறார்கள்

நேற்று என் இணையப் பக்கத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஆகவே அந்த நண்பரின் பெயரை எழுதப் போவதில்லை. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தின்போது துருக்கியின் கஹ்ராமன்மராஷ் நகரில் ஆதெம் அல்தான் எடுத்த படத்தைப் பகிர்ந்து, இன்றைக்கும் மனம் கலங்குகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்ட ஒரு தகப்பன் இடிபாடுகளுக்கிடையே உட்கார்ந்து, இறந்துபோன மகளின் கையை விடாமல் பிடித்திருக்கிறார். அதற்குத்தான் அந்த நண்பரிடமிருந்து "உங்கள் தெருவில் செத்தவனுக்கு அழுதீர்களா?" என்ற கேள்வியும், அதன்கீழ் வரிசையாகச் சிரிப்புக் குறிகளும்.

அழுதேன் ஐயா, பாடையும் தூக்கினேன். ஆனால் அதற்கு ரசீது காட்டினால்தான் துருக்கிக்காரருக்காகக் கலங்கலாம் என்ற விதியை யார் போட்டது? தொலைவில் இருப்பவருக்காக வருகிற கண்ணீரும் கண்ணீர்தான். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைக் காபி குடித்துக்கொண்டே படித்தவன் நான். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தேன். குறை என்றால் குறைதான்.

மறுநாளே மறந்துவிடுவீர்கள் என்பார்கள். மறப்போம்தான். 2015 செப்டம்பரில் துருக்கியின் போத்ரும் அருகே கரையொதுங்கிய சிரியக் குழந்தையின் படத்துக்கு ஊர் உலகமே அழுதது, அகதிகளின் படகுகள் கவிழ்வது நிற்கவில்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, விடுங்கள்.

ஆனால் 'படம் பார்த்து அழுவது வெறும் பொழுதுபோக்கு' என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நான் கடலூர்க்காரன். ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்து, எங்கள் கரை மணலில் கவிழ்ந்து கைகளை விரித்து அழுத பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம், 2004ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. அதைப் பார்த்துக் கலங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கடலூர் எந்தத் திசை என்று தெரிந்திருக்கும்? அந்த நாட்களில் மூட்டை மூட்டையாகப் பழந்துணி வந்து சாலையோரத்தில் மட்கியது. அதிலிருந்து என் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை கிடைத்தது. கடலூர் வெயிலுக்குக் கம்பளி! சிரித்துவிட்டோம். அதன் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிற நூலால் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. கொடுத்து அனுப்புவதற்கு முன் யாரோ ஊசி கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா அதை ஒருநாளும் போட்டதில்லை, கடைசிவரை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அந்தப் பொத்தானைத் தைத்தவரிடமும் உங்கள் தெருக்கணக்கைக் கேட்டிருப்பீர்களா நண்பரே? அம்மா இறந்த அன்று நீங்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தீர்கள். ஏன் வரவில்லை என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.