16 வயசுப் பெடியனுக்கு 27 வயசு உடம்பு

நாடகத்திலை அவர் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின்ரை தலைவனாம். வயசு 16 எண்டு சொல்லுகினம். சட்டையைக் கழட்டினால் நெஞ்சும் தோளும் பத்து வருசம் ஜிம்முக்குப் போன ஆளின்ரை. தாடி வழிச்ச இடம் பச்சையாத் தெரியுது, கண்ணுக்குக் கீழை வரி விழுந்திருக்கு. அந்த மனுசனைப் பாத்து வாத்தியார் "தம்பி, வகுப்புக்குப் போ" எண்டு கலைக்கிறார். வாத்தியாருக்கும் அவருக்கும் வயசு வித்தியாசம் ஐஞ்சு கூட வராது. உந்த நாடகங்களைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது.

பின்னேரங்களிலை பிள்ளையளோடை மைதானத்திலை நிக்கிற ஆள் நான். 16 வயசு உடம்பு எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். போன வருசம் என்ரை தோளுக்குக் கீழை நிண்டவன் இந்த வருசம் என்னிலும் உயரம். கால் நீண்டிட்டுது, ஆனா அந்தக் காலை எங்கை வைக்கிறது எண்டு அவனுக்கு இன்னும் பிடிபடேல்லை. முந்திச் சுகமாத் தாண்டின தடையிலை இப்ப தட்டி விழுறான். முழங்காலுக்குக் கீழை எலும்பு முட்டிக்கொண்டு நோகுது எண்டு வந்து நிக்கிறான். எலும்பு கிடுகிடெண்டு வளரேக்கை தசைநார் அந்த வளர்ச்சித் தட்டைப் பிடிச்சு இழுக்கிறதாலை வாற நோ அது, ஓடிப் பாயிற பிள்ளையளுக்குத்தான் கூட வரும். உயரம் முதல் வரும், சதை பிறகுதான் பிடிக்கும். அதாலை அந்த வயசிலை முக்கால்வாசிப் பெடியள் கொக்கு மாதிரித்தான் இருப்பாங்கள். எந்த நேரமும் பசி. தோத்துப் போனால் அழுகையை அடக்கத் தெரியாது.

பள்ளிக்கூட விளையாட்டின்ரை கதையே உதுதானே! உடம்பு சொல்வழி கேக்காத வயசிலை, ஊரும் பள்ளிக்கூடமும் வீடும் அந்த உடம்பிலை கொண்டுவந்து சுமையை ஏத்துது. வளந்து முடிஞ்ச ஒரு ஆம்பிளையை அந்த இடத்திலை நிப்பாட்டினால் கதையிலை என்ன மிஞ்சும்?

அமெரிக்காக்காரர் உதைக் கனகாலமாச் செய்யினம். 'பிறைடே நைற் லைற்ஸ்' நாடகம் 2006இலை தொடங்கினது. அதிலை பள்ளிக்கூட அணியின்ரை குவாட்டர்பாக்கா, அதுதான் அமெரிக்க உதைபந்தாட்டத்திலை பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்திற ஆளா வந்த ஸ்கொட் போட்டருக்கு அப்ப 27 வயசு, அவரோடை விளையாடின ரெயிலர் கிற்ச்சுக்கு 25. 2018இலை வந்த 'ஓல் அமெரிக்கன்' நாடகத்திலை பள்ளிக்கூட வீரனா வந்த டானியல் எஸ்ராவுக்கு 26. 'பிறைடே நைற் லைற்ஸ்' கதையாப் பாத்தால் அருமையான நாடகம். அதாலைதான் கோவம் கூடுது. முதலாவது பாகத்திலையே அந்தக் குவாட்டர்பாக் பெடியன் விளையாட்டிலை முதுகெலும்பு அடிபட்டு நடக்க ஏலாமல் போறான். ஒரு சின்னப் பெடியனின்ரை முதுகிலை ஒரு ஊர் முழுக்கத் தன்ரை மானத்தைக் கட்டிவிட்டு, அவன் முறிஞ்சு விழுறதைப் பாத்துக்கொண்டு நிக்குது. பாக்கிறவைக்கு நெஞ்சு அடைக்க வேணும். ஆனா விழுந்து கிடக்கிறது தோள் அகண்ட ஒரு முழு ஆம்பிளை. ஒரு வளந்த மனுசனுக்கு நடந்த விபத்தாத்தான் அது கண்ணுக்குத் தெரியுது. ஊரின்ரை குற்றம் அதோடை மறைஞ்சு போகுது.

கொரியாக்காரரும் குறைஞ்சவையில்லை. 2022இலை வந்த 'ருவென்ரி பைவ் ருவென்ரி வன்' நாடகத்திலை வாள்வீச்சுப் பழகிற 18 வயசுப் பிள்ளையா நடிச்ச கிம் தே-ரீக்கு 31 வயசு. அவவின்ரை நடிப்பிலை நான் குறை சொல்ல மாட்டன். ஓட்டத்திலையும் சிரிப்பிலையும் அந்த வயசைக் கொண்டுவந்து நிப்பாட்டின மனுசி. ஆனா ஆயிரத்திலை ஒருத்திக்கு ஏலுமான வேலையைக் காட்டி, மற்ற எல்லாரும் தாங்களும் செய்யலாம் எண்டு வெளிக்கிடுகினம்.

உடனை ஒரு நியாயம் சொல்லுவினம். 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளை வைச்சுப் படம் பிடிச்சால் சட்டம் விடாது, ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம்தான் வேலை, இடையிலை படிப்பிக்க வேணும், செலவு கூட எண்டு. சட்டம் சரியான சட்டம், பிள்ளையளைப் பிழிஞ்சு எடுக்கக் கூடாது. ஆனா 18க்கும் 27க்கும் இடையிலை ஒருத்தருமே பிறக்கேல்லையோ? 19 வயசுப் பிள்ளை 17 வயசா நடிச்சால் ஆர் குறை சொல்லப்போகினம்? அதுவும் ஏலாதெண்டால் கதையைக் கம்பஸுக்குக் கொண்டுபோங்கோ. 2021இலை அதே கொரியாவிலை 'றக்கற் போய்ஸ்' எண்டு பட்மின்ரன் விளையாடுற பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை நாடகம் வந்தது. அதிலை முக்கிய பெடியனா வந்த தங் ஜுன்-சங் 2003இலை பிறந்தவர், மற்றப் பிள்ளையளும் கிட்டத்தட்ட அந்த வயசுதான். அவங்கள் சாப்பிடுறதைப் பாத்தாலே விளங்கும் அது உண்மையான பசி எண்டு. மனம் வைச்சால் செய்யலாம். மனமில்லை. சட்டையில்லாமல் நிக்க ஒரு உடம்பு வேணும், காதல் காட்சிக்கு ஒரு முகம் வேணும், உதுக்குத்தான் பெரிய ஆக்களைப் பிடிக்கினம்.

உதின்ரை வினை ஹொலிவூட்டிலையோ சியோலிலையோ நிக்கேல்லை, இஞ்சை யாழ்ப்பாணத்திலை என்ரை மைதானத்துக்கு வந்திட்டுது. நல்லா ஓடுற பெடியன் ஒருத்தன், 400 மீற்றரிலை மாகாணம் தாண்டிப் போகக்கூடியவன், போனிலை உந்த நாடகங்களைப் பாத்துப்போட்டு வந்து கேக்கிறான், "சேர், எனக்கு ஏன் சதை பிடிக்குதில்லை?" எண்டு. கஞ்சி குடிச்சு, முட்டை சாப்பிட்டு, நேரத்துக்குப் படுக்க வேண்டிய பிள்ளை, புரதப் பவுடர் பேணி வாங்கக் காசு சேக்குது. 16 வயசுப் பெடியன் 27 வயசு ஆளோடை தன்னை அளந்து பாத்து, தனக்கு ஏதோ குறை எண்டு நினைக்கிறான். ஒரு குறையுமில்லை ராசா, உனக்கு வயசு 16, அவ்வளவுதான். அந்த ஆளுக்கும் 16 வயசிலை உன்னைப்போலதான் கையும் காலும் இருந்திருக்கும்.

பெட்டையளின்ரை விசயம் இன்னும் கொதிக்குது. பெண் பிள்ளையளுக்கு இந்த விளையாட்டிலை மிகக் கஷ்ரமான காலம் 12இலையிருந்து 16 வரைக்கும். பெரிய பிள்ளையானதோடை "இனி மைதானம் வேண்டாம்" எண்டு வீட்டிலை மறிக்கிறது, கட்டைக் காற்சட்டை போடக் கூச்சம், வெயிலிலை கறுத்துப் போவாய் எண்டு அம்மம்மாவின்ரை கரைச்சல், பிறகு ஓ.எல் சோதினை வருது எண்டு ரியூசன். கெட்டிக்காரப் பிள்ளையள் எத்தினை பேர் அந்த நாலு வருசத்திலை காணாமல் போகினம்! அதையெல்லாம் தாண்டி வந்துதான் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலை படிச்ச அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலிலை இலங்கைச் சாதனையை முறிச்சவ. எங்கட தர்ஜினி சிவலிங்கத்தின்ரை உயரம் 208 சென்ரிமீற்றர், அந்த உயரத்தோடைதான் வலைப்பந்தாட்டத்திலை ஆசியக் கிண்ணம் தூக்கினவ. இப்பிடி வளந்து வாற ஒரு பிள்ளையை ஒரு நாடகத்திலை காட்டினவையோ? மேக்கப்போடை, தலைமுடி கலையாமல், 25 வயசுப் பொம்பிளை வந்து "நாளைக்கு எனக்கு மச்" எண்டு சொல்லுறா. அவவை மறிக்க ஒரு அம்மம்மாவும் இல்லை.

எங்கட போட்டியளிலை வயசு எண்டால் விளையாட்டில்லை. பிறப்புச் சான்றிதழோடை நிக்க வேணும். ஒரு நாள் முந்திப் பிறந்திருந்தாலும் அந்தப் பிரிவிலை ஓட விடமாட்டினம், பிள்ளை அழுதுகொண்டு திரும்பிப் போகும். வளந்தவனை வளராதவனோடை மோத விடக்கூடாது எண்டுதான் அந்தச் சட்டமே. 1904இலை தொடங்கின கிரிக்கெற் போட்டி, வடக்கின் பெருஞ்சமரைப் போய்ப் பாருங்கோ, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் விளையாடுறதை. கடைசி விக்கெற்றுக்கு மட்டையோடை நடந்து போற பெடியனின்ரை முகத்தைப் பாருங்கோ. மத்தியிலை படிச்ச விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இலை லங்கா பிறீமியர் லீக்கிலை பந்து போட வரேக்கை வயசு 18தான். அந்த முகத்தை எந்த 27 வயசு ஆளும் எனக்கு நடிச்சுக் காட்ட ஏலாது.

இப்ப இஞ்சையும் பெடியள் குறும்படம், இணையத்தொடர் எண்டு எடுக்கத் தொடங்கியிருக்கினம். அவைக்குத்தான் சொல்லுறன். பள்ளிக்கூட விளையாட்டைப் பற்றி எடுக்கப் போறியள் எண்டால் தயவுசெய்து உங்கட சிநேகிதனுக்கு வெள்ளைக் காற்சட்டை போட்டுவிடாதேங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு ஏதாவது ஒரு மைதானத்துக்கு வாங்கோ, பொறுப்பாசிரியரிட்டையும் தாய் தேப்பனிட்டையும் கேளுங்கோ, விடுமுறையிலை எடுங்கோ, பொழுதுபட முதல் பிள்ளையளை வீட்டை அனுப்புங்கோ, சாப்பாடு வடிவாக் குடுங்கோ. ஓடத் தெரிஞ்ச பிள்ளையள் நிறைய நிக்குதுகள், நடிக்கிறதை நீங்கள் பழக்குங்கோ.