மேகி வாக்கரின் பேங்க்: ஃபார்வர்டில் வராத பாதி

"துணி வெளுத்தவரின் மகள் பேங்க் தலைவரானார், மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று மேகி வாக்கர் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணைப் பற்றி ஒரு ஃபார்வர்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. தகவலில் தப்பில்லை. சொல்கிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. இனப் பாகுபாட்டுக் காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று பேங்க் தொடங்கியதை ஏதோ சுயமுன்னேற்ற வகுப்பு மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

கதை ஒரு மோசடியில் தொடங்குகிறது. அடிமை முறை ஒழிந்துகொண்டிருந்த 1865 மார்ச்சில், விடுதலையானவர்கள் சேமிப்பதற்கென்றே ஒரு பேங்க் தொடங்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்துப் போட்டார். ஃப்ரீட்மென்ஸ் சேவிங்ஸ் பேங்க் என்று பெயர். கூலி வேலை செய்தவர்களும் ராணுவத்தில் இருந்தவர்களும் பணம் போட்டார்கள். அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பினார்கள், நம்ப வைக்கப்பட்டார்கள். முதலில் அந்தப் பணத்தை அரசுப் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்று விதி இருந்தது. 1870-ல் விதியைத் தளர்த்தி, நிலத்தின் பேரில் கடன் கொடுக்கலாம் என்றார்கள். நிதிக் குழுவில் உட்கார்ந்திருந்த ஹென்றி குக், பெரும் முதலாளி ஜே குக்கின் தம்பி. கடன் யார் யாருக்குப் போயிருக்கும் என்று பேங்கில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம் போட்ட ஏழைகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய பேங்க், வேண்டப்பட்டவர்களுக்கு வாரி விட்டது.

1873-ல் ஜே குக் கம்பெனி கவிழ்ந்தது, சந்தையே ஆட்டம் கண்டது. எல்லாம் கைமீறிய பிறகு, 1874 மார்ச்சில், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸை பேங்குக்குத் தலைவராக்கினார்கள். கறுப்பின மக்கள் அவர் முகத்தைப் பார்த்தாவது பணத்தை எடுக்காமல் இருப்பார்கள் என்ற கணக்கு. அவரும் தன் கைக்காசு 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். சில மாதங்களில் இழுத்து மூடினார்கள். 61,000 பேரின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. சிலருக்கு ஒரு பகுதி பல வருஷம் கழித்து வந்தது, பலருக்கு எதுவுமே வரவில்லை.

இப்படிச் சூடுபட்ட மக்களிடம் போய் மறுபடி "காசைக் கொண்டா, பேங்கில் போடு" என்று கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதைக் கேட்கும் தகுதி அப்போது சங்கங்களுக்குத்தான் இருந்தது. மாதா மாதம் சந்தா கட்டினால் நோய்க்கும் சாவுக்கும் பணம் கிடைக்கும். நம்மூர் மரண சகாய நிதி மாதிரி. வர்ஜீனியாவில் ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற சங்கத்தின் ஒரு கிளை, தன் பணத்தை வெள்ளைக்காரக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்தது. கறுப்பர்கள் பணம் திரட்டுகிறார்கள் என்ற சேதி அவர் வாயிலிருந்தே ஊர் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான வதந்தி. சங்கத் தலைவர் வில்லியம் வாஷிங்டன் பிரவுன், அடிமையாகப் பிறந்தவர், இனி நம் பணம் நம் பெட்டியில் என்று முடிவெடுத்தார். 1888-ல் உரிமம், 1889-ல் ரிச்மண்டில் பேங்க் திறப்பு.

அதே ரிச்மண்டில்தான் மேகி வாக்கர். அம்மா வெளுத்துக் கொடுத்த துணியைக் கூடையில் சுமந்து வெள்ளையர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பெண். 1899-ல் அதே மாதிரி இன்னொரு சங்கமான செயின்ட் லூக்கின் செயலர் பொறுப்புக்கு வரும்போது கஜானாவில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். அதற்கு மேல் கடன் பாக்கி வேறு. 1901-ல் சங்க மாநாட்டில் எழுந்து, ஐந்து சென்ட் காசுகளை வாங்கி டாலராக்கும் பேங்க் நமக்கு வேண்டும் என்று பேசினார். சும்மா பேசவில்லை. உள்ளூர் வெள்ளையர் பேங்க் ஒன்றில் போய் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். 1903 நவம்பர் 2-ம் தேதி செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க் திறந்தது. முதல் நாளே 9,000 டாலருக்கு மேல் வந்தது, 31 சென்ட்டோடு வந்து கணக்குத் தொடங்கியவரும் அதில் உண்டு. குழந்தைகளுக்குச் சின்ன அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். பென்னி பென்னியாக, அதாவது ஒவ்வொரு சென்ட்டாகச் சேர்த்து ஒரு டாலர் ஆனதும் கணக்குத் தொடங்கலாம். 1920-க்குள் 600-க்கு மேற்பட்ட வீடுகள் வாங்க அந்த பேங்க் உதவியிருந்தது.

ஃபார்வர்ட் இங்கே முடிந்துவிடும். பேங்கில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு பேங்க் கொடுக்கும் கடன், சுற்றி வந்து அதே வட்டாரத்தில் மறுபடி டெபாசிட்டாக விழ வேண்டும். அப்போதுதான் பணம் பெருகும். கறுப்பினக் குடும்பம் கடன் வாங்கி வீடு வாங்குகிறது. விற்றவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். அவர் பணத்தைத் தன் பேங்கில் போடுவார், செயின்ட் லூக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஆக, ஒவ்வொரு கடனோடும் பணம் வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை. வாடிக்கையாளர்களோ தினக்கூலிக்காரர்கள், வேலை போனால் மறுநாளே எடுக்க வருவார்கள். அதற்காகப் பெட்டியில் ரொக்கம் நிறைய வைத்திருக்க வேண்டும், கடன் குறையும். இந்தக் கிடுக்கிப்பிடியில் எந்தத் திறமைசாலியும் மாட்டுவார்.

மாட்டினார்கள். 1888-லிருந்து 1934 வரை 130-க்கு மேற்பட்ட கறுப்பின பேங்குகள் தோன்றின. அந்தக் காலத்தின் முடிவில் மிஞ்சியவை ஒரு சில. பிரவுனின் பேங்க் 1910-ல் போனது, அதில் உள்ளிருந்தவர்களின் கையாடலும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. சிகாகோவில் ஜெஸ்ஸி பிங்கா என்ற கறுப்பின பேங்கர் வீட்டுக்கடன்களைத் தாராளமாகக் கொடுத்தார். வெள்ளையர் தெருவில் குடியேறியதற்காக அவர் வீட்டில் பலமுறை வெடிகுண்டு வைத்தார்கள், அசரவில்லை. 1930 ஜூலையில் பெரும் பொருளாதார மந்தம் அவர் பேங்கை முடித்துவிட்டது, பிறகு சிறைக்கும் போனார். நாஷ்வில்லில் 1904-ல் தொடங்கிய ஒன் சென்ட் சேவிங்ஸ் பேங்கோ கையை இறுக்கி நடத்தி, பெயர் மாறி, இன்றும் இருக்கிறது. மக்களுக்குத் தேவைப்பட்ட கடனை அள்ளிக் கொடுத்தவர் கவிழ்ந்தார், எண்ணி எண்ணிக் கொடுத்தவர் தப்பினார்.

வாக்கர் சாமர்த்தியசாலி. மந்தம் வந்ததும் மற்ற கறுப்பின பேங்குகளோடு இணைத்துக் காப்பாற்றிவிட்டார். 1934-ல் இறக்கும்வரை அதன் போர்டு தலைவராக இருந்தார். ஆனால் அவர் வாழ்ந்த, ரிச்மண்டின் கறுப்பினப் பகுதியான ஜாக்சன் வார்டு என்ன ஆனது? 1930களில் அரசாங்க வரைபடத்தில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு அடித்தார்கள், அதாவது இங்கே கடன் கொடுப்பது ஆபத்து. 1950களில் நடுவில் கோடு கிழித்த மாதிரி நெடுஞ்சாலை போட்டு நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். பென்னி சேர்த்து வாங்கிய தெருவுக்கு இந்தக் கதி. இதில் மனம் எங்கே, மார்க்கம் எங்கே?

2020-ல் நெட்ஃபிளிக்ஸ் 10 கோடி டாலர் வரை கறுப்பின மக்களுக்குச் சேவை செய்யும் நிதி நிறுவனங்களுக்குத் திருப்புவதாக அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி டெபாசிட்டாகப் போடும் பணம், பேங்க் திருப்பித் தர வேண்டிய கடன்தானே? நஷ்டத்தைத் தாங்குவது மூலதனம், அதாவது பேங்கின் சொந்தப் பணம். அமெரிக்க அரசு சிறு சமூக பேங்குகளில் மூலதனமாகவே பல நூறு கோடி டாலர் போடும் திட்டத்தை 2021-ல்தான் கொண்டுவந்தது. ஃப்ரீட்மென்ஸ் பேங்க் மூடி 147 வருஷம் கழித்து.