சோபாவில் படுத்திருப்பது யார்?

ரிச்சர்ட் பெல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த பூர்வகுடிக் கலைஞர். சிறுவயதில் அவர் குடும்பம் வாழ்ந்த தகரக் குடிசையை அரசு புல்டோசர் வைத்து இடித்தது. அவருடைய ‘ஸ்கிராட்ச் அன் ஆஸி’ (‘ஓர் ஆஸ்திரேலியரைச் சுரண்டிப் பார்’, 2008) வீடியோவைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடிசைதான் நினைவுக்கு வரும்.

இதில் பெல் மனநல மருத்துவராக உட்கார்ந்திருக்கிறார். பொன்னிற முடியும் தங்க நிற நீச்சலுடையுமாக வெள்ளை இளைஞர்களும் பெண்களும் சோபாவில் சாய்ந்து தங்கள் சின்னச் சின்ன மனக்குறைகளைக் கொட்டுகிறார்கள். பேசப் பேச உள்ளே கிடக்கும் இனவெறி வெளியே வருகிறது. இன்னொரு பக்கம் பெல்லும் நோயாளியாகிறார். அவர் குறை கேட்பவர் பூர்வகுடி உரிமைப் போராளி கேரி ஃபோலி.

சிரிப்பு வரும், சரி. என்னை உலுக்கியது அந்த இருக்கை மாற்றம். இத்தனை காலம் மண்டையோடு வரை அளக்கப்பட்டு, ஆராயப்பட்டு, ‘பிரச்சினை’ என்று பெயர் வாங்கியவர்கள் பூர்வகுடிகள்தான். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் குடியேறினோம் என்ற கதையை 1992இல் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற மாபோ தீர்ப்பு உடைக்கும்வரை அந்த நாட்டுச் சட்டமே நம்பியது. மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு 1967 வரை இருந்தது. இப்படி ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாக நம்பியவர்களின் மனதுக்கு என்ன ஆகியிருக்கும் என்று பெல் கேட்கிறார். இதுவரை அதை யாரும் அவர்களிடம் இப்படி முகத்துக்கு நேரே கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நீச்சலுடையும் சும்மா இல்லை. கடற்கரை, வெயில், பொன்முடி என்பதுதானே அந்த நாடு தன்னைப் பற்றி வரைந்துகொண்ட படம். அப்படியொரு கடற்கரையில்தான், 2005 டிசம்பரில் சிட்னியின் க்ரொனுல்லாவில், ஆயிரக்கணக்கானோர் திரண்டு, அரபு முகம் என்று தோன்றியவர்களை அடித்தார்கள்.

பெல்லின் வீடியோ வந்த அதே 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 2023இல் பூர்வகுடிகளின் குரலுக்கு அரசியலமைப்பில் இடம் தரலாமா என்று பொதுவாக்கெடுப்பில் மக்களிடம் கேட்டபோது சுமார் 60 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அரசின் மன்னிப்பு எட்டாத இடத்தை இந்தப் பத்து நிமிட நையாண்டி தொடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், நம்மவர்கள். 1901இல் வந்த குடியேற்றச் சட்டம், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லி, நம்மைப் போன்றவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இன்று நம்மவர்களில் பலர் ஜனவரி 26, ‘ஆஸ்திரேலியா தினம்’ அன்று அங்கே குடியுரிமை உறுதிமொழி எடுக்கிறார்கள். 1788இல் சிட்னியில் பிரிட்டிஷ் கொடி ஏறிய நாள் அது. பூர்வகுடிகள் 1938இலேயே அதைத் துக்க நாளாக அறிவித்துவிட்டார்கள்.

“அவங்க குடிச்சிட்டு அரசாங்கப் பணத்துல உட்கார்ந்து சாப்பிடறாங்க” என்று பூர்வகுடிகளைப் பற்றித் தமிழ் வீட்டு விருந்துகளிலும் கேட்டிருக்கிறேன். வயிறு எரிகிறது. குயின்ஸ்லாந்தில் பூர்வகுடித் தொழிலாளிகளின் கூலியைப் பல பத்தாண்டுகள் அரசே பிடித்துவைத்திருந்தது. 2019இல்தான் அதற்கான வழக்கு 19 கோடி டாலருக்குச் சமரசமானது. யார் பணத்தில் யார் சாப்பிட்டது?