ஸ்டெப்-அப் ரிங் எல்லா பவர் ஜூமுக்கும் சரிவராது
சின்ன பவர் ஜூம் லென்ஸ் (மோட்டாரால் ஜூம் ஆகும் லென்ஸ்) வைத்திருப்பவர்கள் ஸ்டெப்-அப் ரிங் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் வளையம்) வாங்கி, கையில் இருக்கும் பெரிய ஃபில்டரையே மாட்டிக்கொள்ளலாம் என்கிறது ஒரு கட்டுரை. மாட்டலாம்தான், ஆனால் அந்த எடையைச் சுமப்பது எது என்று பார்க்க வேண்டாமா? சோனியின் பழைய 16-50 பவர் ஜூமின் மொத்த எடையே 116 கிராம்தான், ஃபில்டர் அளவு 40.5 மி.மீ. இப்படி, ஆஃப் செய்ததும் உள்ளே மடங்கும் லென்ஸ்களில் கேமராவை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டி மோட்டார்தான் முன்குழாயை வெளியே தள்ளுகிறது. நானும் இதே போன்ற ஒரு லென்ஸில் 77 மி.மீ. வேரியபிள் என்டி ஃபில்டரை (லென்ஸுக்குள் வரும் ஒளியைத் தேவைக்கேற்பக் குறைக்கும் கண்ணாடி) மாட்டிச் சில மாதங்கள் வீடியோ எடுத்தேன். முதலில் ஜூம் மெதுவானது, அப்புறம் கரகரவென்று சத்தம், கடைசியில் ஃபில்டரைக் கழற்றிய பிறகும் குழாயின் ஆட்டம் போகவில்லை. அதற்காகப் பவர் ஜூமையே ஒதுக்க வேண்டியதில்லை. சோனி 18-105 எஃப்4, 16-35 எஃப்4, நிக்கான் 12-28 ஆகிய பவர் ஜூம்களில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது, நீளம் மாறாது. முன்னால் இருக்கும் ஃபில்டரை ஜூம் மோட்டார் தள்ள வேண்டியதே இல்லை, கிம்பலில் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி) வைத்து ஜூம் செய்தாலும் சமநிலை கெடாது. மடங்கும் லென்ஸ்தான் இருக்கிறதென்றால், அதன் அளவுக்கே மெல்லிய என்டி ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள்.