கோட்டை வெளிச்சவீட்டுக்குக் கடல் எங்கே?

போன ஞாயிறு அக்காவின் மகளைக் கொழும்புக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஜனாதிபதி மாவத்தையும் சத்தாம் வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டி, "இது முந்தி வெளிச்சவீடு" என்றேன். பிள்ளை நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கடல் எங்க மாமா?"

நியாயமான கேள்வி. சுற்றிவரக் கட்டடம்தான்.

1857இல் இதை மணிக்கூட்டுக்காகத்தான் கட்டினார்கள். வடிவமைத்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. 1867இல் உச்சியில் விளக்கும் ஏறியது. கந்தோர்க்காரருக்கு நேரம், கப்பல்காரருக்கு வெளிச்சம். வெள்ளைக்காரனின் சிக்கனத்தைப் பாருங்கள்!

இரண்டு வருடத்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆனாலும் நீராவிக் கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்துக்குத்தான் போயின. தென்மேல் பருவக்காற்று அடித்தால் கொழும்பில் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. 1875இல் அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள். அதோடு காலியின் காலம் போனது. மலையகத்தில் எங்கள் சனம் கிள்ளிய கொழுந்து தேயிலைப் பெட்டியாகிக் கப்பலேறியது இங்கேதான். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் எங்கள் ஆட்கள் கடை போட்டதும் இந்தத் துறைமுகத்தை நம்பித்தான். துறைமுகம் செழிக்கச் செழிக்கக் கோட்டையில் கட்டடங்கள் எழும்பின. 29 மீற்றர் கோபுரம் அவற்றுக்குள் புதைந்து, 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். விளக்கை நம்பி வந்த காசே விளக்கை மறைத்துவிட்டது.

வெளிநாட்டுக்காரரைக் கூட்டி வருகிறவர்கள் "பிக் பென் செய்த கம்பனியின் மணிக்கூடு" என்று சொல்லிப் படம் எடுக்க விடுகிறார்கள். லண்டன் பெருமை எனக்கு எதற்கு? அண்ணாந்து அந்த விளக்குக் கூண்டைப் பாருங்கள் என்றல்லவா சொல்ல வேண்டும்!

நாங்களும் வெளிச்சவீடு என்றே சொல்லிப் பழகலாம் என்பது என் கட்சி. இன்னொரு லாபமும் உண்டு. ஒருமுறை "மணிக்கூட்டுக் கோபுரம்" என்று ஓட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுசன் புறக்கோட்டையில், பார்சிக் குடும்பம் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறக்கிவிட்டார். அவரில் பிழையில்லை. அந்த வெயிலில் திரும்ப நடந்து வந்தேன்.

சரி, பிள்ளை கடல் கேட்டாளே என்று 1952இல் கட்டிய புது வெளிச்சவீட்டுக்கும் கூட்டிப்போனேன். அடியில் இருக்கிற சிங்கங்களை எண்ணி "நாலு" என்றாள். நான் அங்கால் துறைமுக நகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 269 ஹெக்டயர், எல்லாம் கடலாக இருந்த இடம்.