12345678987654321 முதன்மை எண் இல்லை

யாழ்ப்பாணத்தில் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எடுக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: 12345678987654321 எதனாலும் வகுபடாத முதன்மை எண்ணாம். பிழை. 111111111ஐ அதே எண்ணால் பெருக்கினால் வருவதுதான் இது, நிறைவர்க்கம் ஒன்று எப்படி முதன்மை எண்ணாகும்? இலக்கங்களைக் கூட்டுங்கள், 81 வரும், 9ஆல் வகுபடும் என்று தரம் 6 பிள்ளையே சொல்லிவிடும். முழுதாகப் பிரித்தால் 3 நான்கு தடவை, 37 இரண்டு தடவை, 333667 இரண்டு தடவை. விகடகவி மாதிரி எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான், உண்மையிலேயே அழகான எண். அப்புறம், இப்படியான எண்கள் எல்லாமே 11ஆல் வகுபடும் என்று சிலர் பதில் எழுதுகிறார்கள், அதுவும் பாதிதான் சரி; 1221 போல இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் கட்டாயம் வகுபடும், இதிலோ 17 இலக்கங்கள், 11ஆல் வகுத்தால் 1 மிஞ்சும்.